மஜ்ஜை நோயில் ‘இன்னும் ஆறு மாதம்’ என்று சொன்னால், எந்தக் கணக்கில் என்று கேளுங்கள்

அப்பாவுக்கு 67 வயது. வலங்கைமான் பக்கத்தில் எங்கள் ஊர். குறுவை, தாளடி என்று வயலைத் தவிர வேறு எதையும் நினைக்காத மனிதர். வரப்பில் நாலு எட்டு வைத்ததும் மூச்சு வாங்குகிறது என்று அவர் சொல்ல ஆரம்பித்தபோது வயதாகிவிட்டது என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். ரத்தம் குறைவு என்று உள்ளூர் மருத்துவர் இரும்புச் சத்து மாத்திரையும், பிறகு ஊசியும் கொடுத்தார். ஏறவில்லை. நாற்று விட்ட நேரத்தில் ஆரம்பித்தது, அறுவடை வரை அப்படியே ஓடியது. அண்ணன் சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறார், அம்மாவுக்கு முழங்கால் வலி, பஸ் ஏற முடியாது. ஆகவே இந்த நோயின், அதாவது எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களைச் சரியாக உருவாக்காத எம்.டி.எஸ். நோயின், முதல் நாளிலிருந்து ஆஸ்பத்திரி வாசல்களில் நின்றவள் நான் ஒருத்திதான். அப்போது யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும் என்று தோன்றுகிற விஷயங்களை இங்கே எழுதுகிறேன்.

முதலில், அந்தச் சாதாரண ரத்தப் பரிசோதனைத் தாளிலேயே ஒரு தடயம் இருந்தது. ஹீமோகுளோபினுக்குக் கீழே எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும். சிவப்பணு ஒன்றின் சராசரிப் பருமன் அது. இரும்புச் சத்துக் குறைவில் பெரும்பாலும் அணு சிறுத்துப்போகும். அப்பாவுக்கு அது 106, அதாவது அணு பெருத்திருந்தது. கூடவே ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் குறைந்திருந்தன. அணு பெருத்து ரத்தம் குறைந்தால் பி12, ஃபோலிக் அமிலம், தைராய்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பி12 குறைபாடு மஜ்ஜை நோயைப் போலவே வேடம் போடும், ஆனால் ஊசியில் குணமாகிவிடும். அப்பாவுக்கு அவையெல்லாம் சரியாக இருந்தன. ஒன்றுக்கு மேற்பட்ட வகை அணுக்கள் குறைந்து, காரணமும் கிடைக்காமல் நின்றால், அடுத்த டானிக் பாட்டிலை வாங்காமல் ரத்தவியல் மருத்துவரைத் தேடுங்கள். எங்களுக்கு இதைச் சொல்ல ஆளில்லாமல் பல மாதங்கள் போயின.

ஹீமோகுளோபின் 6.8க்கு இறங்கிய பிறகு ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். ரத்தம் ஏற்றினார்கள், இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். உறிஞ்சி எடுக்கும் அந்தச் சில நொடிகள்தான் உயிர் போவதுபோல் இருந்தது, மற்றதெல்லாம் தாங்கக்கூடியதே என்றார். இதற்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். சில நாள் கழித்து ஒரு மருத்துவர் என்னைத் தனியாக அழைத்து, ‘மைலோடிஸ்பிளாஸ்டிக் சின்ட்ரோம், எம்.டி.எஸ். என்பார்கள். ரத்தப் புற்றுநோய் மாதிரிதான். ஆறு மாதம் ஓடலாம். உடனே அசாசைட்டிடின் ஊசியை ஆரம்பிக்க வேண்டும்’ என்றார். நின்றபடியே சொன்னார். நானும் நின்றபடியே கேட்டேன்.

அந்த ஆறு மாதம் என்ற வார்த்தை எங்கள் வீட்டில் என்ன செய்தது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். அண்ணன் விடுப்பு எடுத்துக்கொண்டு விமானத்தில் வந்து, அப்பாவின் கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போனார். பார்க்க ஆள் இருக்காது என்று கறவை மாடுகள் இரண்டையும் வந்த விலைக்குக் கொடுத்தோம். ஆற்றுப் பாசனம் உள்ள எங்கள் நிலத்தை அவசரமாக மூன்று வருடத்துக்கு ஒத்திக்கு விட்டோம். அவசரம் தெரிந்தால் எதிராளி எப்படி விலை பேசுவார் என்பது நிலம் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி அடகுக்குப் போனது. மருத்துவமனைக்கு மட்டும் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் கட்டினோம். பணத்தைக்கூட விட்டுவிடலாம். நாற்றங்காலுக்கு விதை தேற்றி வைத்திருந்த மனிதர், அதை அடுத்த வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வருடம் மேட்டூரில் தண்ணீர் திறந்த செய்தி வந்தபோது அவர் எழுந்து வாய்க்கால் பக்கம்கூடப் போகவில்லை.

ஊசியை ஆரம்பிக்கக் கையெழுத்துப் போடும் முன் எல்லாத் தாள்களையும் நகல் எடுத்துக்கொண்டேன். அதில் குரோமோசோம் பரிசோதனைத் தாளில் ‘செல் வளரவில்லை, முடிவு இல்லை’ என்று இருந்தது. அதைக் காட்டிக் கேட்டதற்கு ‘அது பரவாயில்லை’ என்று பதில் வந்தது. பரவாயில்லை என்ற சொல்லை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருக்கிறேன். ஒரு கிலோ பருப்பு கணக்கில் வராவிட்டால்கூட நாங்கள் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு மனிதரின் ஆயுளைச் சொல்லும் கணக்கில் ஒரு பக்கம் காலியாக இருந்தால் பரவாயில்லையா?

தாள்களோடு வேறு ஊரில் ரத்தவியலுக்கென்று தனித் துறை உள்ள ஒரு பெரிய மருத்துவமனைக்கு அப்பாவை அழைத்துப் போனேன். டெல்டாவில் இருப்பவர்களுக்கு இது சுலபமில்லை. வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், சென்னை என்று எங்கே போனாலும் ஒரு இரவுப் பயணமோ ஒரு பகல் பயணமோ ஆகும், தங்க அறை வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும். ஆனாலும் இந்த நோய்க்கு ஒரு தடவையாவது அப்படிப்பட்ட துறையில் காட்டியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். புற்றுநோயாளிகளுக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் மருத்துவமனையில் கையெழுத்து வாங்க வேண்டும். போன அன்றே கேளுங்கள், பிறகு அதற்காகவே ஒரு முறை அலைய வேண்டிவரும்.

அங்கேதான் ஒரு மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் காட்டினார். இந்த நோயின் போக்கை மதிப்பிட உலகம் முழுவதும் மருத்துவர்கள் வைத்திருக்கும் மதிப்பெண் முறைக்கு ஐ.பி.எஸ்.எஸ். என்று பெயர். 1997இல் வந்தது. 2012இல் அதைத் திருத்தி ஐ.பி.எஸ்.எஸ்.-ஆர் என்று வெளியிட்டார்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை வைத்துச் செய்தது அது. ஐந்தே ஐந்து விஷயங்களைப் பார்க்கிறது: ஹீமோகுளோபின், தட்டணுக்கள், நியூட்ரோபில் என்ற வெள்ளணு, மஜ்ஜையில் பிளாஸ்ட் எனப்படும் முதிராத செல்கள் நூற்றுக்கு எத்தனை, குரோமோசோம்களில் என்ன மாற்றம். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கூட்டுத்தொகை ஏற ஏற நோயின் வேகம் அதிகம்.

அப்பாவின் கணக்கை அவர் என் கண் முன்னே போட்டார். ஹீமோகுளோபின் 8க்குக் கீழே, ஒன்றரை. தட்டணு 84 ஆயிரம், அதாவது ஐம்பதாயிரத்துக்கும் ஒரு லட்சத்துக்கும் இடையே, அரை. நியூட்ரோபில் 800க்கு மேலே இருந்ததால் பூஜ்யம். பிளாஸ்ட் 3 சதவீதம், இரண்டுக்கு மேல் ஐந்துக்குக் கீழ், ஒன்று. ஆக மூன்று. ‘இனி குரோமோசோம். அதற்கு மட்டும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மதிப்பெண். ஐந்தில் அதிகக் கனம் அதற்குத்தான். அது இல்லாமல் உங்கள் அப்பாவின் கூட்டுத்தொகை மூன்றாகவும் இருக்கலாம், ஏழாகவும் இருக்கலாம்’ என்றார். ஒன்றரை வரை மிகக் குறைந்த அபாயம். அதற்கு மேல் மூன்று வரை குறைந்தது, நாலரை வரை நடுத்தரம், ஆறு வரை அதிகம், ஆறுக்கு மேல் மிக அதிகம். 2012 ஆய்வில் இந்த ஐந்து பிரிவினரின் இடைநிலை ஆயுள் வரிசையாக 8.8, 5.3, 3.0, 1.6, 0.8 ஆண்டுகள். அப்படியானால் எங்களிடம் இருந்த தாள்களை வைத்துச் சொல்லக்கூடியது ஐந்தாண்டுக்கு மேலிருந்து பத்து மாதம் வரை எங்கேயோ என்பது மட்டும்தான். அந்த ஆறு மாதம் எந்தக் கட்டத்திலும் இல்லை! எனக்கு அழுகை வந்தது. ஆறுதலில் வந்ததா ஆத்திரத்தில் வந்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மாடுகள் நினைவுக்கு வந்தன.

இடைநிலை என்றால் என்ன என்பதையும் அவரே விளக்கினார். மூன்று ஆண்டு என்றால் மூன்றாவது ஆண்டு முடியும் நாளில் எல்லோரும் போய்விடுவார்கள் என்பதில்லை. அந்தப் பிரிவில் இருந்தவர்களில் பாதிப் பேர் அதற்கு முன் இறந்தார்கள், பாதிப் பேர் அதற்குப் பிறகும் இருந்தார்கள், அவ்வளவுதான். அதோடு, நோயின் போக்கையே மாற்றும் சிகிச்சை பெறாதவர்களை வைத்து எடுத்த கணக்கு அது. நோயாளியின் வயது, சர்க்கரை, இதயம், சிறுநீரகம், எழுந்து நடமாடும் தெம்பு ஆகியவை அந்த ஐந்தில் இல்லை. மருத்துவர் அவற்றைத் தனியாக எடை போட வேண்டும். ரத்த வங்கியிலிருந்து ஏற்றிய ரத்தத்தால் உயர்ந்த ஹீமோகுளோபினை வைத்துக் கணக்குப் போட்டால் நிலைமை உள்ளதைவிட நன்றாகத் தெரியும். ஆகவே ரத்தம் ஏற்றுவதற்கு முன் எடுத்த அறிக்கையைத் தொலைக்காதீர்கள். நாங்கள் வைத்திருந்ததால் அது உதவியது.

மஜ்ஜையை மறுபடி எடுத்தார்கள். முதல் முறை செல் ஏன் வளரவில்லை என்று கேட்டேன். குரோமோசோம் பார்க்க உயிருள்ள செல், பிரிந்து பெருகும் செல் வேண்டும். மாதிரியை ஹெப்பாரின் போட்ட குழாயில், பொதுவாகப் பச்சை மூடி போட்டிருக்கும், எடுக்க வேண்டும். அது உறையக் கூடாது, ஐஸில் உறைந்துபோகவும் கூடாது, சீக்கிரம் ஆய்வகத்தைச் சேர வேண்டும். எல்லாம் சரியாக நடந்தும் சிலருக்கு வளராமல் போவதுண்டு. நம் பக்கத்து ஊர்களில் எடுக்கும் மாதிரிகள் பெரும்பாலும் கூரியரில் பெருநகர ஆய்வகத்துக்குப் போகின்றன. சனிக்கிழமை எடுத்தால் ஞாயிறு முழுக்க எங்கேயாவது கிடக்கும். ஆகவே மஜ்ஜை எடுக்க வாரத்தின் முதல் நாட்களில் தேதி கேளுங்கள். குரோமோசோமுக்கும் சேர்த்துத்தான் எடுக்கிறீர்களா, மாதிரி எங்கே போகிறது, எப்போது சேரும் என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். வளரவில்லை என்று வந்தால் ஃபிஷ் என்ற வேறொரு பரிசோதனையில் 5, 7, 8, 20 ஆகிய குரோமோசோம்களில் அடிக்கடி வரும் மாற்றங்களை மட்டுமாவது தேட முடியும். முழுப் படம் கிடைக்காது, ஆனால் காலிக் கட்டத்தைவிட மேல்.

முடிவு வருவதற்குப் பல நாட்கள் ஆயின. அப்பாவுக்கு 20ஆம் குரோமோசோமில் ‘நீண்ட கை’ எனப்படும் பகுதியில் ஒரு துண்டு இல்லை. அது ‘நல்ல’ பிரிவில் வருகிற மாற்றமாம், மதிப்பெண் ஒன்று. ஆக மொத்தம் நான்கு, நடுத்தர அபாயம். மாறாக 7ஆம் குரோமோசோம் ஒன்று முழுதாகக் காணாமல் போயிருந்தால் மதிப்பெண் மூன்று. மூன்றுக்கு மேல் மாற்றங்கள் குவிந்திருந்தால் நான்கு. அதே மனிதர், அதே மூச்சிரைப்பு, ஆனால் வேறு நோய் என்று சொல்லும் அளவுக்கு வித்தியாசம்.

பிறகு மரபணுப் பரிசோதனை. 2022இல் ஐ.பி.எஸ்.எஸ்.-எம் என்று ஒன்று வந்திருக்கிறது. ரத்த அளவுகளோடும் குரோமோசோமோடும் 31 மரபணுக்களையும் சேர்த்துப் பார்த்து ஆறு பிரிவாகப் பிரிக்கிறது. இதற்கு ஏறக்குறைய இருபதாயிரம் ரூபாய் ஆனது. எல்லோருக்கும் இது அவசியமா என்றால், நான் பணம் கட்டுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்ட கேள்வியையே நீங்களும் கேளுங்கள்: ‘இதன் முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை ஒன்றுதானா, இல்லை மாறுமா?’ அப்பா நடுத்தரத்தில் இருந்ததால் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயலாம், அதைப் பொறுத்துச் சிகிச்சை மாறும் என்றார். கட்டினேன். டி.பி.53 என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் கவலைக்குரியது, அது இல்லை. எஸ்.எஃப்.3.பி.1 என்பதில் மட்டும் மாற்றம் இருந்தது. இந்த நோயில் ஒப்பீட்டளவில் மென்மையான போக்கைக் காட்டுவது அது. கணக்கு ‘மிதமான குறைவு’ என்ற பிரிவில் வந்து நின்றது.

இதெல்லாம் எண்களோடு விளையாடுவது அல்ல. சிகிச்சையே இதில்தான் தொங்குகிறது. அபாயம் அதிகமானவர்களுக்கு அசாசைட்டிடின் போன்ற மருந்து, வயதும் உடம்பும் இடம் கொடுத்தால் மஜ்ஜை மாற்று சிகிச்சை. முழுக் குணம் தரக்கூடியது அந்த மாற்று சிகிச்சை ஒன்றுதான், அதன் ஆபத்தும் பெரிது. அபாயம் குறைந்தவர்களுக்கு நோக்கம் வேறு: ரத்தக் குறைவைச் சமாளிப்பது, ரத்தம் ஏற்றும் இடைவெளியை நீட்டுவது. 28 நாளுக்கு ஒரு முறை, ஏழு நாள் தொடர்ந்து ஊசி என்று மாதக்கணக்கில் அப்பாவை அலையவிட வேண்டியிருந்த சிகிச்சை உடனடியாகத் தேவையில்லை என்று ஆனது. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் என்ற பொருளின் அளவை ரத்தத்தில் பார்த்தார்கள். அது குறைவாக இருந்தால் அதே பொருளை ஊசியாகக் கொடுக்கும்போது பலன் கிடைக்க வாய்ப்பு அதிகமாம். அப்பாவுக்குக் குறைவாக இருந்தது. வாரம் ஒரு ஊசி, ஊரிலேயே போட்டுக்கொள்ளலாம். பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாகும் என்று முன்பே சொல்லிவிட்டதால் நடுவில் நம்பிக்கை இழக்கவில்லை. இப்போது ரத்தம் ஏற்றும் இடைவெளி நன்றாகவே நீண்டிருக்கிறது.

ரத்தம் ஏற்றுவது பற்றி ஒன்று. வீட்டுக்கு வந்த உறவினர்கள் ஆளுக்கொரு பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு வந்தார்கள். ரத்தம் ஊற அத்தை இரும்புச் சத்து டானிக் வாங்கி வந்தார். அன்பு புரிகிறது. ஆனால் ஏற்றும் ஒவ்வொரு பாட்டில் ரத்தத்திலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதை வெளியேற்ற உடம்பில் வழி இல்லை. அது இதயத்திலும் கல்லீரலிலும் படியும். எனவே மருத்துவர் சொல்லாமல் இரும்பு மருந்து வேண்டாம். உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவை அவ்வப்போது பார்க்கச் சொல்லுங்கள். கீரையும் பழமும் சாப்பாடாக இருந்துவிட்டுப் போகட்டும். மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு வாய்ப்புள்ள நோயாளி என்றால் உடன்பிறந்தவர்கள் ரத்தம் கொடுக்க முன்வரும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். கொடையாளி ஆகக்கூடியவரின் ரத்தத்தை முன்பே ஏற்றுவது பின்னால் சிக்கலாகலாம். காய்ச்சல் 100.4ஐத் தொட்டால் கஷாயம், பாராசிட்டமால் என்று விடியும் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெள்ளணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் இந்த நோயில் அவை சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

வயலில் பூச்சிமருந்து அடித்ததால்தான் வந்தது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அப்பாவே அதை மருத்துவரிடம் கேட்டார். சில வேதிப்பொருள்களுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு காட்டும் ஆய்வுகள் உண்டு, பென்சீன் அதில் உறுதியானது. ஆனால் ஒரு தனி மனிதருக்கு இதனால்தான் வந்தது என்று சொல்ல முடியாது, வயதுதான் பெரிய காரணம் என்று பதில் சொன்னார். அந்தப் பதிலுக்குப் பிறகு அப்பாவின் முகத்தில் இருந்த குற்ற உணர்ச்சி குறைந்ததைப் பார்த்தேன்.

அப்பாவிடம் உண்மையைச் சொல்லலாமா என்பதில் வீட்டில் பெரிய சண்டை. அண்ணனும் சித்தப்பாவும் வேண்டவே வேண்டாம் என்றார்கள். நான் சொல்லலாம் என்றேன். காரணம், முதல் ஆறு மாதக் கதையை அவரிடம் யாரும் நேராகச் சொல்லவே இல்லை. மாடு போனதையும் அண்ணன் வந்து அழுததையும் பார்த்து அவராகவே புரிந்துகொண்டார். அதைவிடக் கொடுமை வேறில்லை. புதிய மருத்துவரிடம் அப்பாவை உட்காரவைத்தேன். அப்பா கேட்டது இதுதான்: ‘டாக்டர், ஒத்தியைத் திருப்பலாமா? இன்னும் எத்தனை சம்பா பார்ப்பேன்?’ அவர் தயங்காமல் பதில் சொன்னார்: ‘ஐயா, இந்த வருடச் சம்பாவுக்கு நீங்கள் இருப்பீர்கள் என்றே நினைத்துத் திட்டமிடுங்கள். நாலைந்து வருடத்துக்கான திட்டத்தை மகளோடு சேர்ந்து எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நாம் மறுபடி பேசுவோம்.’ ஆயுளைப் பற்றிப் பேசினால் இப்படித்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். எண்ணையும் மறைக்கவில்லை, மனிதரையும் ஒடிக்கவில்லை.

பணம் பற்றி. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் என்று எல்லாம் தயாராக இருந்தால்தான் அட்டை கிடைக்கும். நோயாளி படுத்த பிறகு இதற்கு ஓடுவது சிரமம். எந்தப் பரிசோதனை, எந்த ஊசி அதில் அடங்கும் என்பதை அந்தந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில், பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். கட்டியபின் திரும்பாது.

முதல் மருத்துவமனையிலிருந்து வெளியேறும்போது அறிக்கைகளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். மஜ்ஜை தடவிய கண்ணாடித் தகடுகளையும், எலும்புத் துண்டைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். பிளாஸ்ட் எத்தனை என்பது ஒருவர் நுண்ணோக்கியில் எண்ணிச் சொல்வது. அனுபவமுள்ள இன்னொருவர் எண்ணினால் மாறலாம், 4 என்பது 6 ஆனாலே மதிப்பெண் ஒன்று கூடிவிடும். இரண்டாவது கருத்துக்குப் போகும்போது அந்தத் தகடுகளையே மறுபடி பார்க்கச் சொல்லலாம். ஒவ்வொரு முறையும் ரத்த எண்ணிக்கையைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஏற்றிய ரத்தத்தையும் அதே வரியில் எழுதுங்கள். முதலில் போட்ட மதிப்பெண் அன்றைய நிலைமைக்கு உரியது. தட்டணு தொடர்ந்து இறங்கினாலோ, ரத்தம் ஏற்றும் இடைவெளி குறுகினாலோ, ரத்தத்திலேயே பிளாஸ்ட் செல்கள் தென்பட்டாலோ மஜ்ஜையை மறுபடி பார்த்துப் பிரிவை மறுபடி கணிப்பார்கள். அப்படிக் கணித்தால் பழைய பிரிவு எது, புதிய பிரிவு எது, ஐந்தில் எது மாறியது என்று மூன்றையும் அதே நோட்டில் மருத்துவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.